ஸ்ட்ரோபோஸ்கோப் விளைவு

ஸ்ட்ரோபோஸ்கோப் விளைவு என்பது, சுழலும் அல்லது அதிரும் ஒரு பொருளை விட்டுவிட்டு ஒளிரும் விளக்கில் பார்க்கும்போது, அது நின்றுவிட்டது போலவோ மெதுவாகவோ பின்னோக்கியோ இயங்குவது போலத் தோன்றுவதாகும். தொடர்ச்சியான இயக்கத்தை இடைவெளி விட்டு மாதிரி எடுப்பதே இதற்குக் காரணம். குறிகைச் செயலாக்கத்தில் அலியாசிங் எனப்படும் பிழையைக் கண்ணால் காண்பதற்கு இது எளிய எடுத்துக்காட்டு ஆகும்.

வரலாறு

1832 இல் பெல்ஜியத்தின் ஜோசப் பிளாட்டோவும் ஆசுத்திரியாவின் சைமன் ஸ்டாம்ப்பரும் துளையிட்ட சுழல்தட்டைக் கொண்டு இவ்விளைவைத் தனித்தனியே காட்டினர். 1930களில் அமெரிக்கப் பொறியாளர் ஹரால்ட் எட்ஜர்ட்டன் மின்னணு ஒளிவிளக்கைப் பயன்படுத்தி இதனைத் தொழிற்கருவியாக வளர்த்தார்.

வேக இயக்கத்தைப் பதிவு செய்ய வேறு வழியும் உண்டு. திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7 அன்று பிறந்த ச. வெ. இராமன், வில்லிசைக் கருவிகளின் நரம்பதிர்வு பற்றிய நூலை 1918 இல் வெளியிட்டார். இவ்வாய்வில் நரம்பின் ஒரு புள்ளியின் அசைவு, நகரும் ஒளிப்படத் தகட்டில் தொடர்கோடாகப் பதிவு செய்யப்பட்டது. இடைவெளி இல்லாத இத்தகைய பதிவில் அலியாசிங் நேர்வதில்லை.

கோட்பாடு

ஒரு வடிவம் நொடிக்கு எத்தனை முறை தன் பழைய தோற்றத்தை அடைகிறதோ அதுவே அதன் அதிர்வெண். ஒளிர்வு அதிர்வெண்ணின் முழுஎண் மடங்குகளுள் இதற்கு மிக அருகில் உள்ளதைக் கழித்தால் கிடைப்பது தோற்ற அதிர்வெண். விடை சுழியானால் பொருள் நின்றது போலவும், எதிரெண்ணானால் பின்னோக்கிச் சுழல்வது போலவும் தோன்றும்.

எடுத்துக்காட்டாக, 12 ஆரங்கள் கொண்ட சக்கரம் நொடிக்கு 1.9 முறை சுழன்றால் அதன் அதிர்வெண் 22.8. நொடிக்கு 24 படங்கள் எடுக்கும் திரைப்படக் கருவியில் தோற்ற அதிர்வெண் −1.2 ஆகும். எனவே திரையில் சக்கரம் நொடிக்குப் பத்தில் ஒரு சுற்று வீதம் பின்னோக்கிச் சுழலும்.

பிழையின்றி அறிய, மாதிரி எடுக்கும் வீதம் மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இரு மடங்கைவிட அதிகமாக இருத்தல் வேண்டும். இவ்வரம்பு ஹாரி நைகுவிஸ்ட், கிளாடு ஷனான் ஆகியோரின் பெயரால் அறியப்படுகிறது.

கணினி உருவகப்படுத்தல்

சுழல் வேகத்தையும் ஒளிர்வு வீதத்தையும் மாற்றக்கூடிய உருவகப்படுத்தலில் இவ்விளைவை ஆராயலாம். ஒரே குறியுள்ள தட்டு நொடிக்கு 10 முறை சுழல்வதாகக் கொண்டால்:

* ஒளிர்வு 10: குறி நிலையாக நிற்கும்.
* ஒளிர்வு 9: நொடிக்கு ஒரு சுற்று முன்னோக்கி நகரும்.
* ஒளிர்வு 11: நொடிக்கு ஒரு சுற்று பின்னோக்கி நகரும்.
* ஒளிர்வு 20: எதிரெதிரே இரு குறிகள் நிற்கும்.
* ஒளிர்வு 5: மீண்டும் ஒரே குறி நிற்கும்.

கடைசி நிலை கவனிக்கத்தக்கது. படம் நிற்பதை மட்டும் கொண்டு வேகத்தைக் கணித்தால் பாதி அளவே கிடைக்கும். ஒரே குறி நிலையாகத் தெரியும் மிக உயர்ந்த ஒளிர்வு வீதமே உண்மையான வேகமாகும். மேலும், கணினித் திரையும் ஒரு மாதிரியெடுப்பியே. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் நொடிக்கு 30 சுற்றுக்கு மேற்பட்ட வேகத்தைச் சரியாகக் காட்ட இயலாது.

பணிமனைகளில் ஆபத்து

இந்தியாவில் மின்னோட்டத்தின் அதிர்வெண் 50 ஏர்ட்சு. எனவே பழைய காந்தச் சோக்கு பொருத்திய குழல்விளக்கு நொடிக்கு 100 முறை கூடிக் குறைந்து ஒளிரும். நான்கு தாடைகள் கொண்ட லேத் சக் நிமிடத்துக்கு 1500 முறை சுழன்றால் தாடைகளின் அதிர்வெண்ணும் 100 ஆகும். அவ்வொளியில் சக் நின்றுவிட்டது போலத் தோன்றக்கூடும். இயந்திர இரைச்சல் மிகுந்த இடத்தில் கண்ணை மட்டும் நம்பிக் கை வைப்பவர் விரல்களை இழக்க நேரிடலாம். பொன்மலை இரயில்வே பணிமனையும் பல லேத் பட்டறைகளும் உள்ள திருச்சிராப்பள்ளி போன்ற தொழில் நகரங்களில் இது ஏட்டளவிலான செய்தியன்று.

இதைத் தவிர்க்க அடுத்தடுத்த விளக்குகளை மூன்று மின்கட்டங்களிலும் பிரித்து இணைப்பர். ஒன்று மங்கும்போது மற்றவை ஒளிரும். உயர் அதிர்வெண்ணில் இயங்கும் மின்னணுச் சோக்கும் இவ்விளைவை ஏறக்குறைய நீக்குகிறது. தரம் குறைந்த எல்.ஈ.டி. விளக்குகளில் இது மீண்டும் தோன்றலாம்.

பயன்கள்

* நூற்பாலைக் கதிர்களின் வேகத்தை அளத்தல்
* குரல்நாண்களின் அதிர்வை மருத்துவர் காணுதல்
* இசைத்தட்டுச் சுழற்றியின் வேகத்தைச் சரிபார்த்தல். 50 ஏர்ட்சு மின்விளக்கில், நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்துக்கு 180 கோடுகள் இடப்படும்.

இவற்றையும் பார்க்க

* அதிர்வெண்
* குறிகைச் செயலாக்கம்
* ச. வெ. இராமன்