தம்போரா மலையேற்றமும் மறைந்த மொழியும்

மலையேற விழைவோர் முதலில் வழியை வினவுவர். அடுத்து நீரையும் உணவையும் பற்றி வினவுவர். இந்தோனேசியாவின் சும்பாவாத் தீவிலுள்ள தம்போரா எரிமலைக்கு ஏற எண்ணுவோர் மூன்றாவதாக ஒன்றையும் வினவுதல் வேண்டும். அம்மலையின் அடியில் முன்பு வாழ்ந்தவர் யாவர்? அவர் பேசிய மொழி யாது? இவ்வினாவிற்கு விடை தேடாதவர் மலையுச்சியை அடையக்கூடும். அம்மலையின் வரலாற்றை அடைதல் அரிது.

முதலிரு வினாக்களுக்கு விடை கூறுதல் எளிது. லொம்போக் தீவுக்குக் கிழக்கே அமைந்துள்ளது சும்பாவா. அதன் வடபகுதியில் கடலுக்குள் நீண்டிருக்கும் சாங்கார் தீபகற்பம் முழுவதையும் தம்போரா மலையே நிரப்பி நிற்கின்றது. மேற்குச் சரிவிலுள்ள பஞ்சசீலா என்னும் சிற்றூரிலிருந்து புறப்படுவோர் காப்பித் தோட்டங்களையும் அடர்ந்த காட்டையும் கடந்து செல்வர். தெற்கே டோரோ நச்சாங்காவிலிருந்து செல்வோருக்குப் புல்வெளியே வழியாகும். மழைக்காலத்தில் காட்டுவழி வழுக்குவதோடு அட்டைகளும் மிகும். ஆதலின் மே முதல் அக்டோபர் வரையுள்ள வறண்ட திங்கள்களே ஏற்றவை. உயரம் மிக மிக நீர் அரிதாகும். மேற்பகுதியில் மணலும் தளர்ந்த கற்களும் காலை வாரும். இரவில் குளிர் வாட்டும். இவற்றையெல்லாம் கருதி, காட்டுவழியே ஏறி இறங்க இரண்டு மூன்று நாள்களை ஒதுக்கி, உள்ளூர் வழிகாட்டி ஒருவரையும் உடன்கொண்டு செல்வதே அறிவுடைமை. 2015ஆம் ஆண்டில் இம்மலையும் அதன் சுற்றுப்புறமும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன.

இவ்வாறு ஏறி விளிம்பை அடைந்தவர் காண்பது ஆறு கிலோமீட்டருக்கு மேல் அகன்று, அறுநூறு மீட்டருக்கு மேல் ஆழ்ந்து கிடக்கும் எரிமலைவாய். அவ்விளிம்பின் மிக உயர்ந்த இடம் ஏறத்தாழ 2,850 மீட்டர். 1815ஆம் ஆண்டுக்கு முன்னர் இம்மலை ஏறத்தாழ 4,300 மீட்டர் உயர்ந்திருந்தது என்பது அறிஞர் மதிப்பீடு. எனவே விளிம்பில் நிற்பவரின் தலைக்கு மேல் முன்னொரு காலத்தில் மற்றுமொரு மலையே இருந்தது எனலாம். அது எங்கே போயிற்று என்பதை அறியவே வரலாற்றை நாட வேண்டியுள்ளது.

1815 ஏப்ரல் 5ஆம் நாள் மாலையில் முதற்பெரும் வெடிப்பு நிகழ்ந்தது. அவ்வேளையில் ஜாவா ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. யோக்யகர்த்தாவில் இருந்தோர் அவ்வோசையைப் பீரங்கி முழக்கமென்றே கருதினர். அண்மையிலுள்ள காவல்நிலை தாக்கப்படுகின்றதோ என்று ஐயுற்றுப் படை புறப்பட்டது. கடலில் கப்பல் ஏதேனும் இடருற்றதோ என்று காணப் படகுகளும் அனுப்பப்பட்டன. ஏப்ரல் 10ஆம் நாள் இரவு மலை முழுவதுமாகச் சீறியது. அவ்வோசை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சுமாத்திராவிலும் கேட்டது. மூன்று தீத்தூண்கள் தனித்தனியே எழுந்து வானில் ஒன்றுகூடியதைத் தாம் கண்டதாகச் சாங்கார் அரசர் பின்னர் கூறினார்.

அனலும் சாம்பலும் கலந்து மலைச்சரிவில் பாய்ந்த வெள்ளம் தம்போரா, பெக்காட் என்னும் இரு சிற்றரசுகளையும் அடியோடு அழித்தது. அன்றே மாண்டோர் பத்தாயிரவர் என மதிப்பிடப்பட்டது. எஞ்சியோரை வேறொரு பகை வந்து சூழ்ந்தது. வயல்களைச் சாம்பல் மூடியது, நீர்நிலைகள் கெட்டன, பஞ்சமும் நோயும் பின்தொடர்ந்து பல்லாயிரவர் உயிரைக் குடித்தன. அப்போது ஜாவாவின் துணை ஆளுநராயிருந்தவர், பின்னாளில் சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ஸ்டாம்போர்டு ராபிள்ஸ். அவர் அரிசியுடன் ஓவன் பிலிப்ஸ் என்னும் அதிகாரியைச் சும்பாவாவுக்கு அனுப்பினார். மேற்கூறிய சாங்கார் அரசரின் மகளே பசியால் இறந்த செய்தியைப் பிலிப்ஸ் தம் அறிக்கையில் பதிந்தார். அரசர் வீட்டிலேயே பசிச்சாவு நேர்ந்ததெனின், குடிமக்கள் பட்ட பாட்டைக் கூறவும் வேண்டுமோ!

தம்போரா உமிழ்ந்த கந்தகம் மேல்வானில் மெல்லிய திரையாகப் பரவி ஞாயிற்றின் ஒளியைக் குறைத்தது. அதனால் 1816ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடை தோன்றவில்லை, பயிர்கள் கருகின. அந்நாடுகளின் வரலாற்று நூல்கள் இக்கொடுமையை விரிவாகப் பேசுகின்றன. ஆயினும் மலையடியில் மாண்ட மக்களைப் பற்றி நெடுங்காலம் அதிகம் பேசப்படவில்லை.

வெடிப்புக்குப் பின் இம்மலையுச்சியை முதன்முதலில் அடைந்தவர் எனக் கூறப்படுபவர் ஹைன்ரிச் சோலிங்கர் என்னும் சுவிட்சர்லாந்துத் தாவரவியலறிஞர். அவர் ஏறிய ஆண்டு 1847. முப்பத்திரண்டு ஆண்டுகள் கடந்தும் மலை ஆறவில்லை. மெல்லிய மேலோடு உடைந்து, வெதுவெதுப்பான கந்தகப் பொடிக்குள் அவர் கால்கள் பன்முறை புதைந்தன. எனினும் கீழ்ச்சரிவுகளில் மரங்கள் மீண்டும் தழைத்திருந்தன. உயரத்தில் சவுக்குக் காடும் தோன்றியிருந்தது. செடிகொடிகளை ஆராயச் சென்ற அவர், மாண்டவர் தொகையையும் கணக்கிட முயன்றார். மலையேற்றத்திற்கு முறையான திட்டம் யாது என்பதற்கு அவர் பயணமே நல்ல சான்றாகும்.

காடு மீண்டது, மொழியோ மீளவில்லை. தம்போரா மக்களுக்கென ஒரு தனிமொழி இருந்தது. ராபிள்ஸ் 1817இல் வெளியிட்ட ஜாவா வரலாற்று நூலில் அம்மொழியின் சிறு சொற்பட்டியல் ஒன்று இடம்பெற்றுள்ளது. அதிலுள்ளவை ஏறத்தாழ ஐம்பது சொற்களே. எண்ணுப்பெயர்கள், உடலுறுப்புகள், ஞாயிறு, திங்கள், விண்மீன் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் அவை. அச்சொற்களை ஆராய்ந்த மார்க் டொனகு என்னும் மொழியியலறிஞர், இம்மொழி அண்டைத் தீவுகளின் மலாய் இனமொழிகளோடு சேராது, கிழக்கே வழங்கும் பாப்புவா மொழிகளைச் சார்ந்ததென 2007இல் எழுதினார். அம்மொழியின் பாட்டு, பழமொழி, தாலாட்டு என எதுவும் எஞ்சவில்லை. 2004இல் ஹரால்டூர் சிகுர்ட்சன் தலைமையில் நடந்த அகழாய்வில், சாம்பலுக்கடியில் கரிந்த வீடொன்றும் இருவர் எலும்புகளும் வெண்கலக் கலங்களும் வெளிப்பட்டன. கலங்கள் கிடைத்தன, அவற்றை அம்மக்கள் எப்பெயரால் அழைத்தனர் என்பதைச் சொல்வார் இல்லை.

மொழி கற்பிப்போரும் கற்போரும் இங்குச் சற்றே நின்று எண்ணுதல் தகும். மொழி அதனைப் பேசும் மக்களோடு வாழ்கின்றது, அவரோடு மறைகின்றது. பிறர் குறித்து வைத்த ஐம்பது சொற்கள், அப்படியொரு மொழி இருந்தது என்பதற்குச் சான்றாகலாம். அம்மொழியாக ஆகிவிட மாட்டா. ஆயினும் அச்சிறு பட்டியலும் இல்லையேல், அம்மொழி இருந்ததென்பதையே உலகம் அறிந்திராது. எழுதி வைத்தலின் பயனும் அதன் எல்லையும் இதனால் ஒருங்கே விளங்கும்.

ஆகவே தம்போராவுக்குச் செல்லத் திட்டமிடுவோர் பையில் நீரும் உணவும் கம்பளியும் வைப்பதோடு இவ்வரலாற்றையும் நெஞ்சில் வைத்துச் செல்வாராக. காலடியில் நொறுங்கும் நுரைக்கல்லின் கீழ் ஓர் ஊர் உறங்குகின்றது என்று அறிந்து நடப்பவர் மெல்ல நடப்பர். அந்நடையே அம்மக்களுக்குச் செய்யும் நீர்க்கடன் ஆகும்.