பஞ்சசீலமும் ஒரு வீசை அபினும்

பர்மாவின் ஷான் மலைகளில் அபினை 'விஸ்' கணக்கில் நிறுப்பார்கள். ஒரு விஸ் என்பது ஏறத்தாழ 1.6 கிலோ. வெள்ளைக்காரர் எழுதிய கெஜட்டியர்களிலும், பிற்காலத்தில் போதைத் தடுப்பு அதிகாரிகள் எழுதிய குறிப்புகளிலும் ஓயாமல் வரும் சொல் இது. கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் உள்ளே இருப்பது நம்முடைய வீசை. எட்டு வீசை ஒரு மணங்கு என்று நம் பாட்டிமார் புளிக்கும் மிளகாய்க்கும் கணக்குச் சொன்னார்களே, அதே வீசைதான். சோழமண்டலக் கரையின் வணிகர்களோடு கப்பலேறிப் போன அளவை அது. இங்கே கிலோ வந்ததும் செத்துப்போயிற்று. அங்கே இன்னும் சந்தையில் உயிரோடு இருக்கிறது.

சென்ற வாரம் பர்மாவின் கடைசி மன்னர் தீபோ மாட்டுவண்டியில் ஏறி ஐராவதிக் கரைக்குப் போனதோடு நிறுத்தியிருந்தோம். அவரை ரத்தினகிரிக்கு அனுப்பிவைத்த ஆங்கிலேயர்கள், 1886 சனவரி முதல் தேதி மேல் பர்மாவைத் தங்கள் ராஜ்ஜியத்தோடு சேர்த்துக்கொண்டதாக அறிவித்தார்கள். புது நாட்டில் அவர்கள் தீர்க்கவேண்டியிருந்த சிக்கல்களில் ஒன்று, அபினை யாருக்கு விற்கலாம் என்பது. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த விடை விசித்திரமானது. ஆனால் அதைப் புரிந்துகொள்ள அறுபது வருடம் பின்னால் போகவேண்டும்.

பர்மிய பௌத்தர் தினமும் ஏற்கும் பஞ்சசீலத்தில் ஐந்தாவது, மதி மயக்கும் பானங்களை விலக்குவது. அதன் வாசகத்தில் அபின் என்ற சொல் கிடையாது, மதுவகைகள்தான் உண்டு. பர்மியர் அபினையும் அதற்குள்ளேயே சேர்த்துக்கொண்டார்கள். இல்லறத்தார் செய்யக்கூடாத ஐந்து வணிகங்களை எண்ணும் சூத்திரமும் இருக்கிறது: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மயக்கப்பொருள், நஞ்சு. உட்கொள்வதும் பாவம், விற்பதும் பாவம். கொன்பவுங் அரசர்களில் மிகக் கடுமையானவரான போதோபயா, மதுவுக்கும் அபினுக்கும் மரண தண்டனை வரை போனார். பர்மிய மொழியில் அபினுக்குப் 'பெய்ன்' என்று பெயர். 'பெய்ன்சா', அதாவது அபின் தின்னி, என்பது இன்றும் அங்கே ஒருவனை நடுத்தெருவில் நிறுத்தும் வசவு.

அதற்காகப் பழைய பர்மாவில் அபினே கிடையாது என்று நினைத்துவிட வேண்டாம். பர்மிய ஆண்பிள்ளைக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை பச்சை குத்துவது வழக்கம். குத்திக்கொள்ளாதவன் ஆணே இல்லை என்ற பேச்சு. நாள்கணக்கில் நீளும் அந்த ஊசி வேதனையைத் தாங்கச் சிறுவனுக்குக் கொஞ்சம் அபின் கொடுப்பார்கள். வயிற்றுக்கடுப்புக்கும் கொடுப்பார்கள். மருந்தாக அது வீட்டுக்குள் இருந்தது. கடைத்தெருவுக்கு வரவில்லை.

கடைத்தெருவுக்கு அதைக் கொண்டுவந்தது 1826-ம் வருடத்து யாந்தபூ உடன்படிக்கை. அரக்கானும் தெனாசரிமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயின. கம்பெனிக்கு அப்போது பாட்னாவிலும் காஜிப்பூரிலும் அபின் பெட்டி பெட்டியாகக் குவிந்துகொண்டிருந்தது. பெரும்பகுதி கல்கத்தா ஏலத்தில் விற்றுச் சீனாவுக்குப் போகும். புதிதாகப் பிடித்த மாகாணத்தில் உரிமம் கொடுத்துக் கடை திறந்தால் அதுவும் வருமானம்தானே! அரக்கானில் வாழ்நாளெல்லாம் கழித்த ஹிண்ட் என்பவர் பின்னாளில் சொன்ன சாட்சியம் ஒன்று உண்டு. முதலில் இளைஞர்களைக் கூட்டி இலவசமாகக் கொடுத்தார்கள். ருசி ஏறியதும் மலிவாக விற்றார்கள். விடமுடியாத நிலை வந்ததும் விலையை ஏற்றினார்கள் என்கிறார். அபின் எதிர்ப்பாளர்கள் இதைப் பிரசுரம் பிரசுரமாக அச்சிட்டார்கள். எல்லா ஊரிலும் அப்படியே நடந்ததா என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். உரிமக்காரன் ஏலத்தில் கட்டிய தொகையை மீட்க வாடிக்கையாளரைப் பெருக்கத்தான் பார்ப்பான் என்பதற்குச் சாட்சியம் தேவையில்லை.

மயக்கப்பொருள் விற்கக்கூடாது என்ற போதனையைக் கேட்டு வளர்ந்த பர்மியர் இந்த ஏலத்தில் அதிகம் இறங்கவில்லை. பெரும்பாலான கடைகள் சீனர் கையில் இருந்தன. தின்பவன் பர்மியன், விற்பவன் சீனன், உரிமத் தொகை வாங்குபவன் ஆங்கிலேயன், பயிரிட்டவன் பீகார்க் குடியானவன்.

1880-ல் பிரிட்டிஷ் பர்மாவின் தலைமை ஆணையரான சார்லஸ் எய்ட்சிசன் ஒரு நெடிய குறிப்பு எழுதினார். அபின் பர்மியரைச் சீரழிக்கிறது, உள்ளூர்ப் பெரியவர்கள் தடுத்துத் தரும்படி மன்றாடுகிறார்கள் என்பது அதன் சாரம். அபினால் லாபம் பார்த்த ஆட்சியின் உச்சியில் இருந்தவரே எழுதியதால் லண்டனில் அது வெடித்தது. கடைகளின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தார்கள். குறைத்த பிறகும் மிச்சக் கடைகள் நன்றாகவே ஓடின.

இப்போது அந்த விசித்திர விடைக்கு வரலாம். மேல் பர்மாவைப் பிடித்ததும், பர்மியருக்கு அபின் விற்கக்கூடாது, மற்றவருக்கு விற்கலாம் என்று ஆணையிட்டார்கள். காரணமாக முன்னே நிறுத்தப்பட்டது மதம்: பௌத்தம் இதை விலக்குகிறது, பழைய அரசரும் விலக்கியிருந்தார். அப்படியானால் சீனர்? அவர்கள் பழகியவர்கள். இந்தியர்? அவர்களுக்கும் தடையில்லை. ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தெலுங்கு, தமிழ்க் கூலிகள் இந்த 'மற்றவர்' கணக்கில்தான் வந்தார்கள். அவர்களுடைய ஆன்மாவைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கீழ் பர்மாவில் பழக்கம் ஏற்கெனவே வேரூன்றிவிட்டதால் வேறு வழி. 1894 முதல் அங்கே ஒரு பதிவேடு வைத்தார்கள். 25 வயது நிறைந்து, ஏற்கெனவே அபின் உண்ணும் பர்மியர் பெயரைப் பதிந்துகொள்ளலாம், பதிந்தவர் வாங்கலாம், அவர் சாகும்போது பெயரும் சாகும். புதுப் பெயர்கள் இல்லையென்றால் ஒருநாள் பதிவேடே காலியாகிவிடும் என்பது கணக்கு. பெய்ன்சா என்று அழைக்கப்படுவதற்கே நாணும் ஊரில், அரசாங்க அலுவலகத்துக்குப் போய்த் தானே அந்தப் பெயரைப் பதிவதற்கு எத்தனை பேர் போவார்கள்? போகாதவர்கள் சீனன் வீட்டுக் கொல்லைப்புறமாக வாங்கினார்கள். அதே ஆண்டுகளில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்காக ராயல் அபின் கமிஷன் இந்தியாவையும் பர்மாவையும் சுற்றிச் சாட்சியம் கேட்டது. 1895-ல் வந்த அறிக்கை, மொத்தத்தில் அபின் வணிகத்துக்குப் பெரிய தீங்கு வராமல் பார்த்துக்கொண்டது.

இனத்தை வைத்துப் போட்ட இந்தக் கோட்டுக்குப் பின் நதியை வைத்து இன்னொரு கோடு வந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு சர்வதேச சங்கத்தில் அபினுக்கு எதிரான குரல்கள் உயர, 1923-ல் ஷான் நாடுகளுக்கென ஓர் அபின் ஆணை பிறந்தது. சால்வின் ஆற்றுக்கு மேற்கே கசகசாச் செடி கூடாது. கிழக்கே, கோகாங்கிலும் வா மலைகளிலும், விட்டுவிடலாம். அங்கே சர்க்கார் என்பது வருடத்துக்கு ஒருமுறை கொடியோடு வந்துபோகும் ஓர் அதிகாரிதான். தடை போட்டால் காப்பாற்ற ஆளில்லை. பர்மிய அபின் பின்னாளில் உலகச் சரக்கானது அந்தக் கிழக்குக் கரையில்தான்.

நாம் குருமாவுக்கு அரைக்கும் கசகசா இதே செடியின் விதைதான். விதையில் போதை கிடையாது. போதை காயின் பாலில் இருக்கிறது. மழை ஓயும் காலத்தில், செப்டம்பர் அக்டோபரில் விதைப்பார்கள். ஆயிரம் மீட்டருக்கு மேலே, சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணில் நன்றாக வரும். பூவிதழ் உதிர்ந்தபின், மூன்று நான்கு கத்திமுனைகளைச் சேர்த்துக் கட்டிய சிறு கருவியால் மாலையில் காயைக் கீறிவிடுவார்கள். இரவெல்லாம் கசியும் பால் விடிவதற்குள் பழுப்பாக உறைந்திருக்கும். காலையில் வழித்தெடுக்க வேண்டும். ஒரே காயை இப்படிப் பல தடவை கீறலாம். குடும்பம் முழுவதும், பெண்களும் குழந்தைகளுமாக, வாரக்கணக்கில் வயலில் குனிந்து கிடக்கும் வேலை.

இத்தனை பாடும் எதற்கு? அரிசிக்கு. மலைச்சரிவில் காடு எரித்து விளைவிக்கும் நெல் பல வீடுகளுக்கு வருடத்தில் சில மாதம் எட்டாது. உருளைக்கிழங்கையும் தேயிலையையும் சுமந்துகொண்டு மூன்று நாள் மலையிறங்கினால் வழியிலேயே அழுகும், அல்லது விலை போகாது. அபின் கனமில்லாதது, கெடாதது, வருடக்கணக்கில் பானையில் கிடக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக வியாபாரி வீடு தேடி வருவான். யூனானிலிருந்து கோவேறு கழுதைகளை ஓட்டிவரும் பாந்தே முஸ்லிம்களும் சீனர்களும் உப்பு, துணி, இரும்பு கொண்டுவந்து அபின் எடுத்துப் போனார்கள். பஞ்ச மாதத்தில் அரிசியைக் கடனாகக் கொடுத்து, அறுவடையில் அபினாக வசூலிப்பார்கள். கடன் கொடுத்த அன்றே விலையும் பேசியாகிவிடும். ஐராவதிக் கழிமுகத்தில் நகரத்தார் கடையில் நிலத்தை ஈடுவைத்து நெல் விளைவித்த விவசாயியை முந்தைய வாரங்களில் பார்த்தோமே, அவனுக்கு மலையில் இருந்த உறவினன் இவன். அங்கே நெல், இங்கே கசகசா. முன்கடன் என்ற கயிறு ஒன்றுதான்.

இந்த மலைவாசிகளில் பலர் பௌத்தரும் அல்லர். கச்சின், லாஹு, வா மக்களிடம் போனவர்கள் அமெரிக்க பாப்டிஸ்டுகள். கச்சின் மொழிக்கு எழுத்து அமைத்துக்கொடுத்த ஓலா ஹான்சன் அவர்களில் ஒருவர். ஞானஸ்நானம் வேண்டுமானால் சாராயத்தையும் அபினையும் விடவேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை. பௌத்தத்தில் சீலம் தவறியவன் அதன் வினையைத் தானே சுமப்பான், விகாரை அவனை வெளியே தள்ளாது. பாப்டிஸ்ட் சபையில் தவறினவன் சபைக்கு வெளியே. இந்த வேறுபாடு அப்போது சிறியதாகத் தெரிந்தது.

சுதந்திர பர்மாவின் முதல் பிரதமர் ஊ நூ, மாலை போட்ட சாமியார் போன்ற ஆட்சியாளர். 1954 மே மாதம் ரங்கூனில் செயற்கைக் குகை ஒன்றைக் கட்டி, அதில் ஆறாவது பௌத்த சங்காயனத்தைத் தொடங்கிவைத்தார். இரண்டாண்டுகள் பாலி நூல்களை ஓதித் திருத்தினார்கள். அதே காலத்தில் நாட்டின் கிழக்கே மாவோவிடம் தோற்று ஓடிவந்த கோமிண்டாங் படை, தளபதி லி மியின் கீழ் மோங்சாட்டில் விமானத்தளமே அமைத்து உட்கார்ந்திருந்தது. அமெரிக்க உளவுத்துறை ஆயுதம் இறக்கிக்கொண்டிருந்தது. குடியானவர்களிடம் வரியை அபினாக வாங்கிய அந்தப் படை, பழைய கழுதைப் பாதைகளை ராணுவப் பாதைகளாக்கியது. ஊ நூவின் அரசு 1953-ல் ஐ.நா.வில் முறையிட்டது, சில ஆயிரம் பேரைத் தைவானுக்கு ஏற்றி அனுப்பினார்கள், மிச்சம் இருந்தவர்கள் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

1962-ல் ஆட்சியைப் பிடித்த நே வின், பர்மிய சோஷலிசம் என்று கடைகளையெல்லாம் அரசுடைமையாக்கினார். 1964 மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார். மலைவாசி பானையில் வைத்திருந்த நோட்டு காகிதமாயிற்று. பக்கத்துப் பானையில் இருந்த அபின் அப்படியே இருந்தது! தாய்லாந்து எல்லையிலிருந்து லுங்கியும் மருந்தும் டிரான்சிஸ்டரும் உள்ளே வர, அபின் வெளியே போயிற்று. சோஷலிச பர்மாவின் கள்ளச்சந்தைக்கு அதுதான் அந்நியச் செலாவணி. இதற்கிடையே நே வின் இன்னொரு காரியமும் செய்தார். கலகக்காரர்களை எதிர்க்கச் சம்மதிக்கும் உள்ளூர்க் கும்பல்களுக்குக் 'கா க்வே யே' என்று ஊர்க்காவல் படைப் பட்டம் சூட்டினார். சம்பளத்துக்குப் பதில், அரசாங்கச் சாலையில் தடையின்றிச் சரக்கு ஓட்டும் உரிமை. பின்னாளில் அபின் வணிகத்தில் பேர்போன லோ சிங் ஹானும் குன் சாவும் வளர்ந்த பள்ளிக்கூடம் இதுதான்.

கொஞ்சம் முன்னால் தாண்டிச் சொல்லிவிடுகிறேன். லோ சிங் ஹான் 1973-ல் தாய்லாந்தில் பிடிபட்டு பர்மாவுக்குக் கொண்டுவரப்பட்டார். மரண தண்டனை விதித்தார்கள். குற்றம் அபின் அல்ல, ராஜத்துரோகம். அபினுக்குத்தான் அரசே அனுமதி கொடுத்திருந்ததே! 1980 மே மாதம் நே வின் எல்லாப் பிரிவுப் பிக்குகளையும் கூட்டிச் சங்கத்தைத் தூய்மைப்படுத்தும் மாநாடு நடத்தினார். அதையொட்டிப் பொதுமன்னிப்பு அறிவித்தார். அந்த மன்னிப்பில்தான், வெளிநாட்டில் தங்கியிருந்த ஊ நூ நாடு திரும்பினார். அதே மன்னிப்பில்தான் லோ சிங் ஹானும் வெளியே வந்தார். பின்னாளில் சாலையும் துறைமுகமும் கட்டும் பெரிய கம்பெனியின் தலைவராக, 2013-ல் யாங்கோனில் காலமானார்.

சீன எல்லையில் மோங்லா என்றொரு ஊர். 1997-ல் அபின் ஒழிந்த பகுதி என்று அறிவித்து, போதை ஒழிப்பு அருங்காட்சியகமும் திறந்தார்கள். ஊரின் ஒரு பக்கம் மலைமேல் பளபளக்கும் பகோடா. கீழே சூதாட்ட விடுதிகள். பகோடா கட்டுவதைப் போலப் பெரிய 'குத்தோ', அதாவது புண்ணியம், பர்மிய வழக்கில் வேறில்லை. கட்டியவரின் பெயரைக் கல்லில் பொறிப்பார்கள். பணம் வந்த வழியைப் பொறிக்கும் வழக்கம் இல்லை.

கச்சின் பாப்டிஸ்டுகள் வேறு பாதையில் போனார்கள். 2014-ல் 'பாட் ஜாசான்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். ராணுவச் சட்டை போன்ற மேலங்கி, கையில் மூங்கில் தடி. போதைக்கு அடிமைப்பட்டவர்களைப் பிடித்து அடைத்தார்கள், அடித்தார்கள், ஜெபம் செய்யவைத்தார்கள். 2016 தொடக்கத்தில் வாய்ங்மோ மலைகளுக்குப் படையாகத் திரண்டு போய்க் கசகசாச் செடிகளை வெட்டிச் சாய்த்தார்கள். வயல்காரர்கள் பக்கத்திலிருந்து தாக்குதல் வந்தது, பலர் காயம்பட்டார்கள், மிச்ச வயல்களை விட்டுவிட்டு இறங்கினார்கள். அந்த வயல்காரர்களும் அதே அரிசிக் கணக்கைப் போட்டவர்கள்தான். 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு வேலையும் கியாத்தின் மதிப்பும் சரிந்தபோது அந்தக் கணக்கு மறுபடி பல வீடுகளில் ஓடியது. ஆப்கானிஸ்தானில் தாலிபான் தடை விதிக்க, 2023-ல் ஐ.நா. கணிப்பின்படி 1,080 டன்னோடு மியான்மர் உலகின் முதல் அபின் விளைநாடாயிற்று.

விட்ட இடத்துக்குத் திரும்பவேண்டும். 1967-ல், ஊர்க்காவல் படைப் பட்டம் வாங்கிய குன் சா, பதினாறு டன் அபினை நூற்றுக்கணக்கான கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றி, மேகாங் ஆற்றைத் தாண்டி லாவோஸின் பான் க்வான் மரக்கிடங்குக்கு அனுப்பினார். வழியில் கோமிண்டாங்குக்குக் கட்டவேண்டிய சுங்கத்தைக் கட்டவில்லை. துரத்திக்கொண்டு வந்த தளபதிகளும், மேலே வட்டமிட்ட லாவோஸ் விமானங்களும், கடைசியில் அந்தச் சரக்கு யார் கைக்குப் போனது என்பதும் அடுத்த வாரம்.

(தொடரும்)