கறை படிந்த பற்கள் கற்பித்தவை

சந்தவாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், இளந்தாய் ஒருவர் தம் ஐந்து வயது மகளை நம் முன் கொண்டுவந்து நிறுத்தினார். "ராத்திரியெல்லாம் பல்வலி சாமி, தூங்கவே இல்ல. கைவச்சு ஒரு ஜெபம் சொல்லுங்க" என்றார். குழந்தையின் மேல்வரிசை முன்பற்கள் இரண்டு அரித்துப் பழுப்பேறியிருந்தன. கடைவாய்ப் பல் ஒன்றில் ஆழமான குழி. செபித்தோம். அதற்குள் நம் கண்ணில் வேறொன்றும் பட்டது. அந்தத் தாய் பேசும்போதெல்லாம் சேலைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டார்.

அவர் தர்மபுரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, மணமுடித்து ஜவ்வாது மலையின் இந்தப் பக்கம் வந்தவர். அவர் பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடுகள் ஓடின. நாம் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். "வெத்தலைக் கறைன்னு நெனைக்கிறாங்க சாமி, நான் வெத்தலை போட்டதே இல்ல. எங்க ஊர்ல எல்லாருக்கும் இப்படித்தான். ஆனா இந்த வயசு வரைக்கும் ஒரு சொத்தை கிடையாது. இவளுக்குப் பல்லு முத்து மாதிரி முளைச்சுது, எப்படிப் போச்சு பாருங்க. ஏன் சாமி?"

குருமடத்தில் நாம் கற்ற மெய்யியலிலும் இறையியலிலும் இதற்கு விடை இல்லை. பின்னர்த் தேடிப் படித்தபோதுதான், அந்தத் தாய் கேட்ட வினாவையே ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் அமெரிக்கப் பல் மருத்துவர் ஒருவர் கேட்டார் என்பதும், ஃபுளோரைடு மருத்துவத்தின் வரலாறு முழுவதும் அவ்வினாவிலிருந்தே கிளைத்தது என்பதும் தெரியவந்தன.

அதற்கு முன் பல்வலிக்கு உலகம் கண்டிருந்த மருந்து பெரும்பாலும் குறடுதான். பல்வலியால் வருந்துவோரின் பாதுகாவலியாகத் திருச்சபை போற்றும் புனித அப்போலோனியா, 249-ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியாவில் பற்கள் நொறுக்கப்பட்டு மறைசாட்சியானவர். அவருடைய படங்களில் கையில் குறடும் அதில் ஒரு பல்லும் இருப்பதை வாசகர்கள் சிலர் கண்டிருக்கலாம். நம் ஊர்களில் ஆலங்குச்சியும் வேலங்குச்சியும், அடுப்புச் சாம்பலும் உப்பும் பல்லைத் துலக்கின. சொத்தை வந்தபின் கிராம்பு. கிராம்புக்கும் அடங்காவிட்டால் குறடு.

1901-ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று அறியாமல் நடந்தன. இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தில், அமெரிக்காவுக்குக் கப்பலேறக் காத்திருந்த ஏழைக் குடியேறிகளைப் பரிசோதித்த ஜே. எம். ஈகர் என்ற அமெரிக்க மருத்துவர், அவர்களில் பலருடைய பற்கள் கருங்கறை படிந்திருப்பதைக் கண்டு எழுதிவைத்தார். அதே ஆண்டில் ஃபிரெடெரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் தொழில் தொடங்கினார். அந்நகரிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் காபி நிறக் கறை. வெளியூரிலிருந்து வளர்ந்தபின் வந்து குடியேறியவர்களுக்கு அது இல்லை. கழுவினாலும் சுரண்டினாலும் போகாத கறை. பல் மருத்துவத்தில் அந்நாளில் பெரும்பெயர் பெற்றிருந்த கிரீன் வார்டிமன் பிளாக் 1909-இல் அங்கு வந்து, 1915-இல் தாம் இறக்கும்வரை மெக்கேயுடன் இதை ஆராய்ந்தார். அப்போது அவர்களை வியப்பில் ஆழ்த்திய உண்மை ஒன்று உண்டு. கறை படிந்த அப்பற்களில் சொத்தை மிகக் குறைவாக இருந்தது.

காரணம் தண்ணீரில்தான் இருக்க வேண்டும் என்று மெக்கே கருதினார். ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற சிற்றூருக்கு 1923-இல் அவரை அழைத்த பெற்றோர், வெந்நீர் ஊற்று ஒன்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்ட பிறகே பிள்ளைகளின் பல் கறைபடத் தொடங்கியது என்றனர். "அந்தக் குழாயைக் கைவிடுங்கள்" என்பதே அவர் சொன்ன ஆலோசனை. ஊரார் கேட்டனர். சில ஆண்டுகளில், வேறு ஊற்று நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கறையற்ற பற்கள் முளைத்தன. ஆயினும் நீரில் உள்ள பொருள் யாதென்பது பிடிபடவில்லை.

அதைப் பிடித்தவர் மருத்துவர் அல்லர். அலுமினிய நிறுவனம் ஒன்றின் வேதியியலார் எச். வி. சர்ச்சில். ஆர்க்கன்சா மாநிலத்தில் அந்நிறுவனத்தின் சுரங்கக் குடியிருப்பான பாக்சைட் என்ற ஊரிலும் பிள்ளைகளின் பற்கள் கறைபட்டிருந்தன. அலுமினியப் பாத்திரங்களால் நஞ்சு ஏறுகிறது என்ற பேச்சு பரவியிருந்த காலம் அது. பழி தம் நிறுவனத்தின்மேல் விழுமோ என்ற அச்சமும் அவரை உந்தியது. 1931-இல் அவர் அவ்வூர் நீரை நிறமாலைக் கருவியால் ஆராய்ந்தபோது, யாரும் எதிர்பாராத அளவில் ஃபுளோரைடு வெளிப்பட்டது. மனிதனின் அச்சம் சில வேளைகளில் அறிவியலுக்கும் உதவிவிடுகிறது!

இதன்பின் அமெரிக்க அரசின் மருத்துவர் டிரெண்ட்லி டீன் ஊர் ஊராக நீரை அளந்து, பற்களை எண்ணினார். லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் என்ற அளவில் கறை பெரும்பாலும் தோன்றுவதில்லை, சொத்தையோ குறைகிறது என்பது அவர் கண்டது. 1945 ஜனவரி 25 அன்று மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரில், உலகில் முதன்முறையாகக் குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்கப்பட்டது. 11 ஆண்டுகளுக்குப் பின், அதன் பிறகு பிறந்த பிள்ளைகளிடம் சொத்தை 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தது. நீரில் கலக்கலாமா கூடாதா என்ற வழக்கு அங்கு இன்றும் ஓயவில்லை. 2025-இல் யூட்டா மாநிலம் அதற்குத் தடையே விதித்தது.

மேல்நாட்டார் தண்ணீரில் ஃபுளோரைடைச் சேர்ப்பது பற்றி எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், நம் சென்னை மாகாணத்தில் நடந்தது வேறு. நெல்லூர் மாவட்டத்தின் வறண்ட வட்டங்களில் உழவர்கள் நிமிரவும் குனியவும் முடியாமல் முதுகெலும்பு இறுகிக் கிடந்தனர். ஏர்மாடுகளும் முடங்கின. சென்னை கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த எச். ஈ. ஷார்ட், சி. ஜி. பண்டிட், டி. என். எஸ். ராகவாச்சாரி ஆகியோர் 1937-இல் இந்நோயைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, கிணற்று நீரில் மிகுந்த ஃபுளோரைடே காரணம் என்று காட்டியது. பல்லில் கறையோடு நின்றுவிடும் பொருளன்று அது. அளவு ஏறினால் எலும்பையே இறுக்கும் என்பதை உலகுக்குத் தெளிவாக உணர்த்திய தொடக்கக்கால ஆவணங்களில் இது ஒன்று. எழுதப்பட்டது நம் கிண்டியில். சாட்சி சொன்னவை நெல்லூர் ஏழைகளின் முதுகெலும்புகள். இந்த வரலாற்றைச் சொல்லும் நூல்கள் கொலராடோவுக்கு ஒரு இயலே ஒதுக்கி, நெல்லூரை ஒரு வரியில் கடந்துவிடுவது நமக்கு வருத்தமே.

தர்மபுரிக் கதை இதற்குப் பிந்தியது. 1960-களின் கொடிய வறட்சிகளுக்குப் பின், பாறையைத் துளைக்கும் எந்திரங்கள் நம் நாட்டுக் கிராமங்களுக்கு வந்தன. திறந்த கிணற்று நீரால் வந்த காலரா, வயிற்றுப்போக்கு ஆகியவற்றிலிருந்து மக்களைக் காக்கும் நல்லெண்ணத்தோடு ஆழ்துளைக் கிணறுகளும் கைப்பம்புகளும் அமைக்கப்பட்டன. இன்று ஊர்தோறும் நிற்கும் 'இந்தியா மார்க் 2' கைப்பம்பு 1970-களில் கோயம்புத்தூர் வட்டாரத்தில்தான் சோதித்துப் பார்க்கப்பட்டது. காலரா தணிந்தது உண்மை. ஆனால் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் கரும்பாறைகளில் ஃபுளோரைடு கொண்ட கனிமங்கள் உண்டு. அப்பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கிய நீரில் அது கரைந்திருந்தது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்புடையது. வேறு வழியே இல்லையெனில் 1.5 வரை பொறுக்கலாம். அதையும் மிஞ்சிய நீரை ஒரு தலைமுறை குடித்து வளர்ந்தது. நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், உடலில் மிகுதியாகச் சேரும் ஃபுளோரைடு பல்லின் எனாமலைக் குலைத்துவிடுகிறது. வளர்ந்தபின் எந்தப் பற்பொடியும் அக்கறையைப் போக்காது. பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைப் பார்த்துத் திரும்பிய கதைகளை அந்தத் தாய் நம்மிடம் பிறகு சொன்னார்.

காவிரி நீரைத் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பானியக் கடனுதவியுடன் 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவான அத்திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. கிண்டி அறிக்கை வெளியான 1937-இலிருந்து எண்ணினால் 76 ஆண்டுகள். மெக்கே சொன்னதைக் கேட்டு ஓக்லி ஊரார் தம் குழாயை மாற்ற ஈராண்டே பிடித்தது என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இனி அந்தத் தாயின் வினாவுக்கு வருவோம். நம் வாயில் வாழும் நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. அவ்வமிலம் எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. உமிழ்நீர் அதை மீண்டும் கொண்டுவந்து சேர்க்கிறது. நாள்தோறும் நடக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலில், ஓயாமல் இனிப்பு வந்துகொண்டிருந்தால் இழப்பே மிஞ்சும். சொத்தைக்குக் காரணம் ஃபுளோரைடு குறைவன்று, சர்க்கரையே. ஆனால் பல்லின் மேற்பரப்பில் சிறிது ஃபுளோரைடு இருக்குமானால், கரைவது குறைகிறது. திரும்பச் சேரும் படிவமும் முன்னிலும் உறுதியாகிறது. சுண்ணாம்புப் பொட்டுப் போல் வெள்ளையாகத் தொடங்கும் சொத்தை, குழி விழுமுன் அப்படியே நின்றும் போகலாம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஃபுளோரைடு விழுங்கப்பட்டு உடலுக்குள் சென்று பல்லை வலுப்படுத்துகிறது என்றே முதலில் நம்பினார்கள். 1980-களில் அக்கருத்து மாறிற்று. அதன் பயன் பெரும்பாலும் பல்லின் மேலே படுவதால்தான். கறையோ உள்ளே விழுங்குவதால். நன்மையும் தீமையும் வெவ்வேறு வாசல் வழியே வருகின்றன. நீரில் ஃபுளோரைடு தானாகவே மிகுந்த ஊர்கள் பல உள்ள நம் நாட்டுக்கு, விழுங்காமல் பல்மேல் பூசும் முறைகளே உகந்தவை என்பது இதனால் தெளிவாகிறது.

1950-களின் நடுவில் ஃபுளோரைடு பற்பசை அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. 1960-களில் ஜெர்மனியில் பல்மேல் ஒட்டிக்கொள்ளும் வார்னிஷ் உருவாயிற்று. ஆண்டுக்கு இரண்டு முறை மருத்துவர் தூரிகையால் பூசினால் போதும். நம் நாட்டு விதிப்படி பற்பசையில் ஃபுளோரைடு பத்து இலட்சத்தில் 1,000 பங்குக்கு மேல் இருத்தல் ஆகாது. அளவைக் குழாயின்மேல் அச்சிடவும் வேண்டும். வாங்கும்போது அதைப் பார்ப்பவர் எத்தனை பேர்? மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசியளவும், அதற்கு மேல் ஆறு வயது வரை பட்டாணியளவும் பசை போதும். விளம்பரத்தில் காட்டுவதுபோல் தூரிகை முழுக்கப் பிதுக்குவது வீண். குழந்தை அதை விழுங்கவும் செய்யும். இரவு துலக்கித் துப்பியபின் நிறைய நீர்விட்டுக் கொப்பளிக்காமல் இருப்பது நல்லது. தர்மபுரி போன்ற ஊர்களில் சிறு பிள்ளைகளுக்கு மருத்துவரைக் கேட்டே இதையும் தொடங்க வேண்டும்.

எல்லாவற்றிலும் எளியது ஜப்பானில் 1970-ஆம் ஆண்டளவில் பயன்பாட்டுக்கு வந்த சில்வர் டையமின் ஃபுளோரைடு. குடைவதில்லை, ஊசி இல்லை. சொத்தை விழுந்த இடத்தில் ஒரு துளியைத் தொட்டு வைத்தால், வெள்ளி நுண்ணுயிரைக் கொல்கிறது, ஃபுளோரைடு பல்லை இறுக்குகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூசிய பாற்பற்களில், பத்தில் ஏறத்தாழ எட்டுச் சொத்தைகள் மேற்கொண்டு பரவாமல் நின்றுவிடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இல் இதையும் ஃபுளோரைடு பற்பசையையும் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. குறை ஒன்றுதான்: பூசிய சொத்தை கரிபோல் கருத்துவிடும்.

இதைத்தான் அந்தத் தாயிடம் சொல்ல வேண்டியிருந்தது. கறைக்காகவே வாழ்நாளெல்லாம் வாயை மறைத்தவரிடம், மகளின் முன்பற்களைத் தெரிந்தே கறுப்பாக்கிக்கொள்ளுங்கள் என்று எப்படிச் சொல்வது? பல் மருத்துவ முகாமுக்கு அவர்களை அழைத்துச் சென்றபோது, அங்கிருந்த இளம் பெண் மருத்துவர் நம்மைவிட நன்றாகவே சொன்னார். வலித்த கடைவாய்ப் பல்லைக் காப்பாற்ற வழியில்லை, வேர்வரை அழுகிவிட்டது. முன்பற்கள் இரண்டையும் நிறுத்தி வைக்கலாம், ஆனால் கருக்கும். தாய் நெடுநேரம் பேசவில்லை. பின்பு மகளைப் பார்த்து, "பரவாயில்ல, பூசுங்கம்மா. பல்லு இருக்கணும்" என்றார். இரவில் பாலில் சர்க்கரை போட்டுப் புட்டியில் கொடுக்கும் பழக்கத்தை, அந்த வீட்டின் கடைக்குட்டிக்கு அன்றே நிறுத்தினார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

இரண்டு ஆண்டுகள் அந்தச் சிறுமி கறுத்த இரு பற்களோடு மறைக்கல்வி வகுப்புக்கு வந்தாள். வாயை மறைத்துக்கொள்ளவில்லை. சென்ற ஆண்டு அவை ஒவ்வொன்றாகத் தாமே விழுந்தன. பாட்டி அவற்றைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிந்தாராம். புதிதாக முளைத்திருந்த இரு பற்களையும் காட்டிவிட்டு ஓடினாள்.