ஒரு நூல், பல உரைகள்: குயிக் நெறிமுறையின் வரலாறு

தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு இளம்பூரணர் உரை கண்டார். பின்னர்ச் சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் தெய்வச்சிலையாரும் தத்தம் உரை வகுத்தனர். நூல் ஒன்று, உரை பல. இணையத்திலும் இத்தகைய மரபொன்று உண்டு. கணினிகள் தம்முள் உரையாடும் முறையை வரையறுக்கும் நெறிமுறையை நூல் என்றால், அதனைச் செயற்படுத்தும் நிரல் நூலகத்தை உரை எனலாம்.

இணையத்தின் பழைய நூல் டிசிபி. 1974-இல் விண்டன் செர்ஃபும் ராபர்ட் கானும் முன்வைத்த கருத்து, 1981-இல் ஆர்.எஃப்.சி 793 என நிலைபெற்றது. செய்தியைச் சிறு பொதிகளாக்கி வரிசை குலையாமல் ஒப்படைப்பது அதன் இயல்பு. அவ்வொழுங்கே பின்னர் இடராயிற்று. நம் ஆயக்குடிச் சந்தையிலிருந்து கொய்யா ஏற்றிய வண்டிகள் குறுகிய சாலையொன்றில் செல்வதாகக் கொள்வோம். முன்வண்டி அச்சு முறிந்து நின்றால் பின்வருவன யாவும் நிற்கும். டிசிபியில் ஒரு பொதி தொலைந்தாலும் இதுவே நிகழும்.

இக்குறை நீங்க 2012-இல் கூகுள் நிறுவனத்தின் ஜிம் ரோஸ்கிண்ட் வகுத்ததே குயிக். ஒவ்வோர் ஓடைக்கும் தனிவழி தந்தமையால் ஒன்றின் தடை மற்றதைத் தாக்குவதில்லை. கைபேசி ஒரு வலையமைப்பினின்று மற்றொன்றிற்கு மாறினும் தொடர்பு அறாது நீளும் வழியும் அதில் உண்டு.

ஆயினும் ஒரு நிறுவனத்தின் கையிலிருக்கும் வரை அது பொதுநூல் ஆகாது. 2016-இல் இணையப் பொறியியல் பணிக்குழு அதனை ஏற்று ஆராயத் தொடங்கியது. ஜனா ஐயங்காரும் மார்ட்டின் தாம்சனும் பதிப்பாசிரியராக, 2021 மே திங்களில் ஆர்.எஃப்.சி 9000 வெளிவந்தது. அதன்மேல் அமைந்த எச்டிடிபி 3 அடுத்த ஆண்டு சூன் திங்களில் வந்தது.

இடைப்பட்ட ஆண்டுகளில் உரைகள் பல தோன்றின. கிளவுட்ஃபிளேரின் கீஷ், மொசில்லாவின் நெக்கோ, ததுஹிரோ சுஜிகவாவின் என்ஜிடிசிபி2 ஆகியன கட்டற்ற உரிமத்தில் கிடைப்பவை. எவரும் படிக்கலாம், திருத்தலாம், பயன்கொள்ளலாம். இங்கொரு வேறுபாடு கருதத்தக்கது. உரையாசிரியர் தம்முள் முரண்படலாம். நிரல்கள் முரண்பட்டால் உரையாடலே நிகழாது. ஆகவே வெவ்வேறு நிரல்களை ஒன்றோடொன்று பேசவிட்டுச் சோதித்தனர். எங்கே பேச்சு முறிந்ததோ, அங்கே நூலின் சொல் தெளிவற்றதா என ஆராய்ந்து வரைவையே திருத்தினர். நூல் முற்றுப்பெறுமுன்பே உரைகள் நூலைச் செப்பம் செய்தன.

உரை ஒன்றே இருந்து, அதுவும் மறைத்து வைக்கப்பட்டிருப்பின், நூலின் பொருள் அதனை உடையவர் சொல்வதே ஆகியிருக்கும். பெட்டியில் பூட்டிய ஏட்டைச் செல்லரித்த வரலாறு தமிழருக்குப் புதிதன்று. நிரலின் மூலத்தைத் திறந்து வைப்போரின் அருமையை அறிய, கணினிப் புலமையினும் அந்நினைவே நமக்குப் போதுமானது.