காது மடலில் ஐந்து ஊசிகள்

வயதானவர்களுக்கு வரும் தொடக்கநிலை மறதிக்கு அக்குபஞ்சர் பலன் தருமா என்று இப்போது பல நாடுகளில் ஆராய்ந்து வருகிறார்கள். ஊசி வேலை செய்கிறதா என்று அவர்கள் கேட்கிறார்கள். அந்த ஊசி யார் கையில் இருக்க வேண்டும் என்ற கேள்வியை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே நியூயார்க்கின் ஏழை மக்கள் கேட்டுவிட்டார்கள். நம் தோழர்களில் பலருக்கு அந்த வரலாறு தெரியாது. பிளாக் பேந்தர்ஸ் என்றதும் கறுப்புத் தோல் சட்டையும் துப்பாக்கியும்தான் கண்ணில் நிற்கின்றன. 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் மற்றத் தோழர்களும் தலித் பேந்தர்ஸைத் தொடங்கியபோது பெயரை எடுத்தது அவர்களிடமிருந்துதான். நாம் இங்கே சிறுத்தைகள் ஆனதும் அந்த வழியில்தான். பெயரை எடுத்துக்கொண்ட நாம், அவர்கள் மருத்துவத்தில் என்ன செய்தார்கள் என்று படிக்காமல் விட்டுவிட்டோம்.

நியூயார்க் நகரத்தின் தென் பிராங்ஸ் பகுதி கறுப்பின மக்களும் புவேர்ட்டோ ரிக்கோ மக்களும் நிறைந்த பகுதி. அவர்களுக்கு இருந்தது லிங்கன் மருத்துவமனை. இடிக்க வேண்டிய கட்டடம் என்று அரசே ஒப்புக்கொண்ட பிறகும் ஆண்டுக்கணக்கில் அதிலேயே சிகிச்சை நடந்தது. அந்தப் பகுதி மக்கள் அதற்கு வைத்திருந்த பெயர் கசாப்புக் கடை. சுவரில் உதிரும் ஈயப் பெயின்ட்டைத் தின்று குழந்தைகளுக்கு ஈய நஞ்சு ஏறியது. காசநோய் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக ஹெராயின்.

புவேர்ட்டோ ரிக்கோ இளைஞர்களின் அமைப்பான யங் லார்ட்ஸ், பேந்தர்களைப் பார்த்து வளர்ந்த அமைப்பு. 1970 ஜூனில் காசநோய் எக்ஸ்ரே வண்டி ஒன்றைக் கைப்பற்றி, வண்டி வராத தங்கள் தெருக்களுக்கே ஓட்டிப் போனார்கள். அடுத்த மாதம் 14ஆம் தேதி விடியற்காலையில் லிங்கன் மருத்துவமனையின் செவிலியர் விடுதிக் கட்டடத்துக்குள் நுழைந்து கதவுகளை அடைத்துக்கொண்டார்கள். மொட்டைமாடியில் புவேர்ட்டோ ரிக்கோ கொடி பறந்தது. ஏறக்குறைய 12 மணி நேரம் கட்டடம் அவர்கள் கையில் இருந்தது. அந்த நேரத்தில் முழக்கம் மட்டும் போட்டுக்கொண்டிருக்கவில்லை. உள்ளேயே காசநோய், ஈய நஞ்சு, ரத்தசோகைப் பரிசோதனைகளை நடத்தினார்கள். மருத்துவமனையின் இளம் மருத்துவர்கள் பலர் அவர்கள் பக்கம் நின்றார்கள். குழந்தைகள் பிரிவுக்குத் தலைமை ஏற்ற ஹெலன் ரோட்ரிகஸ் ட்ரியாஸ் பின்னாளில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கத்தின் தலைவரானார்.

நவம்பரில் மறுபடியும் உள்ளே போனார்கள். இந்தமுறை போதை மீட்புக்கு இடம் கேட்டு. யங் லார்ட்ஸுடன் மருத்துவமனை ஊழியர்களின் அமைப்பும், போதையிலிருந்து மீண்டவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் லிங்கன் டீடாக்ஸ். சிகிச்சை கொடுத்தவர்களில் பலர் நேற்றுவரை சிகிச்சை தேவைப்பட்டவர்கள். கூடவே அரசியல் வகுப்பும் நடந்தது. ஹெராயின் ஏன் பணக்காரத் தெருவில் இப்படிக் குவியவில்லை, வீட்டு வாடகை யாருக்குப் போகிறது என்று நோயாளிகள் உட்கார்ந்து விவாதித்தார்கள். முதலாளியமும் போதையும் சேர்ந்தால் இன அழிப்பு என்று பேந்தர் தோழர் மைக்கேல் டேபர் எழுதிய சிறுநூல் அந்த நாட்களில் கைமாறிக்கொண்டிருந்தது.

தொடக்கத்தில் மெத்தடோன் என்ற மருந்தைச் சில நாட்களுக்குக் கொடுத்து, அளவைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தினார்கள். ஆனால் அரசு விரும்பியது வேறு: ஆயுள் முழுக்க மெத்தடோன். ஒரு விலங்கைக் கழற்றி இன்னொரு விலங்கைப் பூட்டுகிறார்கள் என்று லிங்கன் தோழர்கள் கருதினார்கள். இதில் அவர்களுடன் நான் முழுதாக உடன்படவில்லை. மெத்தடோனைத் தொடர்ந்து எடுத்தவர்களிடையே சாவு குறைந்தது என்பதற்கு வலுவான சான்று உண்டு. ஆனால் யாரையும் கேட்காமல் நம் உடலுக்குள் அரசு ஒரு மருந்தை இறக்கும்போது வரும் சந்தேகம் மூடநம்பிக்கை அல்ல, அனுபவம்.

மாற்று வழி தேடியபோதுதான் ஊசி வந்தது. 1971இல் சீனா போயிருந்த நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பீக்கிங்கில் குடல்வால் அறுவை நடந்தது. பிறகு வந்த வயிற்று உபாதைக்கு அங்கே அக்குபஞ்சர் கொடுத்தார்கள். அதை அவர் எழுத, அமெரிக்கா முழுக்க அக்குபஞ்சர் பேச்சானது. அடுத்த ஆண்டு நிக்சன் சீனா போனார். நிக்சனுக்கு முன்பே, 1971இல், பேந்தர்களின் தலைவர் ஹியூய் நியூட்டன் போய்வந்துவிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1972இல் பேந்தர் குழுவோடு சீனா சென்ற மருத்துவர் டால்பர்ட் ஸ்மால் அங்கே அக்குபஞ்சரைக் கண்டு, ஓக்லாந்துக்குத் திரும்பி அதைக் கையிலெடுத்தார். கிராமத்து ஆட்களுக்குச் சில மாதம் பயிற்சி கொடுத்து மருத்துவம் பார்க்க அனுப்பிய சீனாவின் 'வெறுங்கால் மருத்துவர்' முறைதான் இவர்களை ஈர்த்தது. பட்டம் பெற்றவன் வருவான் என்று காத்திருந்து செத்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி!

அதே நேரத்தில் ஹாங்காங்கில் ஒன்று நடந்தது. ஹெச்.எல். வென் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர், மயக்க மருந்துக்குப் பதிலாகக் காதிலும் கையிலும் ஊசி குத்தி மின்சாரம் செலுத்திப் பார்த்தபோது, அபின் பழக்கமுள்ள நோயாளிக்கு அபின் இல்லாமல் வரும் நடுக்கமும் வலியும் தணிந்ததைக் கவனித்தார். 1973இல் அதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. செய்தி பிராங்ஸுக்கு எட்டியதும் லிங்கன் தோழர்கள் சைனாடவுனில் போய் ஊசி வாங்கினார்கள். முட்டுலு ஷகூர், வால்டர் போஸ்க் போன்றவர்கள் முதலில் தாங்களே கற்றார்கள், பிறகு மாண்ட்ரியாலில் இருந்த ஆசிரியரிடம் முறையாகப் பயின்றார்கள். நாளடைவில் மின்சாரம் தேவையில்லை என்று கண்டு, காது மடலில் ஐந்து இடங்களில் மெல்லிய ஊசி என்ற எளிய முறைக்கு வந்து சேர்ந்தார்கள். நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு எல்லோரும் ஒன்றாக உட்காருவார்கள். தனியறை இல்லை, ஆயிரம் கேள்விகள் கொண்ட படிவம் இல்லை. முக்கால் மணி நேரம் அமைதி.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். காதில் ஊசி குத்த வேண்டுமானால் காதைத் தொட வேண்டும். கத்தியவாரில் ஒரு தலித் பள்ளி ஆசிரியரின் மனைவி பிள்ளை பெற்ற பின் நோயுற்றபோது நடந்ததை அம்பேத்கர் பதிவு செய்திருக்கிறார். சாதி இந்து மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார், நோயாளியை வெளியே கொண்டுவரச் சொன்னார். காய்ச்சல் மானியை ஒரு முஸ்லிமிடம் கொடுக்க, அவர் கணவரிடம் கொடுக்க, அவர் மனைவிக்கு வைத்து, அதே வரிசையில் அது திரும்பி வந்தது. நிமோனியா என்று தொடாமலேயே கண்டுபிடித்தார். அந்தப் பெண் இறந்துபோனார். நமக்கு மருத்துவ வரலாறு என்பது பாதி, தொட்டார்களா இல்லையா என்கிற வரலாறு. லிங்கனில் ஹெராயின் ஊசித் தழும்பேறிய கறுப்பு உடம்பை இன்னொரு கறுப்புக் கை தொட்டு மருத்துவம் செய்தது என்பதை நான் அப்படித்தான் படிக்கிறேன்.

அரசு இதைச் சும்மா விடவில்லை. 1974இல் அங்கே பணியாற்றிய மருத்துவர் ரிச்சர்ட் டாஃப்ட் மருத்துவமனைக்குள்ளேயே இறந்து கிடந்தார். போதைமருந்து அளவு மீறியது என்றது அதிகாரபூர்வ விளக்கம். தோழர்கள் அதை நம்பவில்லை. 1978 நவம்பரில் மேயர் எட் கோச்சின் நிர்வாகம், நிதி முறைகேடு என்று சொல்லி, காவல்துறையை அனுப்பி அவர்களை வெளியேற்றியது. ஊசி மட்டும் தங்கியது. அங்கிருந்த மருத்துவர் மைக்கேல் ஸ்மித்தின் தலைமையில் சிகிச்சை வேறு இடத்தில் தொடர்ந்தது. 1985இல் அதற்கென ஒரு தேசியச் சங்கமும் உருவாகி, ஐந்து ஊசி முறை பல நாடுகளுக்குப் பரவியது. அரசியல் வகுப்பு பரவவில்லை. ஷகூர் ஹார்லெமில் தனியாக மருத்துவமும் பயிற்சியும் நடத்தினார். 1981 பிரிங்க்ஸ் கொள்ளை வழக்கு தொடர்பாக 1988இல் அவருக்கு 60 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. புற்றுநோய் முற்றிய நிலையில் 2022 டிசம்பரில்தான் வெளியே விட்டார்கள். 2023 ஜூலையில் இறந்தார். பாடகர் டூபாக்கின் வளர்ப்புத் தந்தை என்றுதான் பத்திரிகைகள் அவரை அறிமுகப்படுத்தின.

சரி, ஊசி வேலை செய்ததா? கொக்கைன் பழக்கத்துக்கு இந்தக் காது ஊசியை 620 பேரிடம் சோதித்த பெரிய ஆய்வு 2002இல் வெளிவந்தது. போலியான இடங்களில் குத்திய ஊசியைவிடவோ, சும்மா ஓய்வெடுக்க வைத்ததைவிடவோ அது கூடுதல் பலன் தரவில்லை. இதை மறைக்கக் கூடாது. லிங்கனில் குணமானவர்களைக் குணமாக்கியதில் ஊசிக்கு எவ்வளவு பங்கு, சேர்ந்து உட்கார்ந்ததற்கு எவ்வளவு, மரியாதைக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. மறதி ஆய்வுகளிலும் இதே சிக்கல்தான்: பெரும்பாலானவை சிறியவை, குத்துகிறவருக்கு எது போலி ஊசி என்று தெரிந்துவிடுகிறது. ஆகவே மறதிக்கு ஊசி என்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவர்களிடம் நம் வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிப் போகாதீர்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. மறதி இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? உலகெங்கும் பரவலாகப் பயன்படும் ஒரு சோதனையில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள், ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள், ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்வார்கள். பள்ளிக்கூடத் திண்ணையில்கூட ஏற விடாமல் துரத்தப்பட்ட பாட்டி இதில் தோற்றால், அது மூளையின் குறையா, ஊரின் குறையா? ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் 1990களில் ஆய்வு செய்தவர்கள் இந்தச் சிக்கலைச் சந்தித்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்றே இந்தியில் கேள்விகளைத் திருத்தி அமைத்தார்கள். மருத்துவமும் செவிலியமும் படிக்கும் தோழர்கள், உங்கள் மருத்துவமனையில் நம் பாட்டிகளிடம் எந்தக் கேள்விகளைக் கேட்கிறார்கள் என்று பார்த்து எழுதி அனுப்புங்கள்.