எலும்பெச்சங்களிலிருந்து இறப்புக் காலக் கணிப்பு

எலும்பெச்சங்களிலிருந்து இறப்புக் காலக் கணிப்பு என்பது, ஒருவர் இறந்து எவ்வளவு காலமாயிற்று என அறிய முயலும் தடயவியல் முறையாகும். மண்ணின் ஈரம், அமிலத்தன்மை, புதைத்த ஆழம் முதலியவற்றிற்கேற்ப எலும்பு சிதையும் வேகம் மாறுவதால், தோற்றத்தை மட்டும் கொண்டு காலத்தைத் துல்லியமாகக் கூற இயலாது.

கரிமம்-14 ஆய்வு

இறந்தபின் உடலிலுள்ள கரிமம்-14, ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறைகிறது. 1950களிலும் 1960களிலும் நிகழ்ந்த அணுகுண்டுச் சோதனைகள் வளிமண்டலத்தில் இதன் அளவைக் கூட்டின. எனவே எலும்பில் இது மிகுந்திருப்பின், இறப்பு அதற்குப் பிந்தியது எனக் கொள்ளலாம்.

மன்னார்ப் புதைகுழி

இலங்கையின் மன்னார் நகரில், சதொச கட்டட வளாகத்தில் 2018ல் கண்டறியப்பட்ட புதைகுழியிலிருந்து 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் ஆறு மாதிரிகள் அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் ஆராயப்பட்டன. அவை கி.பி. 1404 - 1635 காலத்தவை என்ற முடிவு 2019 மார்ச்சில் வெளியாயிற்று. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் இம்முடிவை ஏற்காது, மேலும் ஆய்வு கோரினர்.