குடியை அளத்தல்: அமெரிக்காவில் போதை மதிப்பீட்டின் வரலாறு

ஒருவன் குடித்திருக்கிறானா என்பதை அறிதல் எளிது. அவன் குடிக்கு அடிமைப்பட்டவனா என்பதை அறிதல் அரிது. முன்னையதை மூச்சும் குருதியும் காட்டிவிடும். பின்னையதை அறிய அவனது வாழ்க்கையையே விசாரித்தாதல் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே மது அருந்தி வாகனம் செலுத்தியமைக்காகவோ போதைப்பொருள் வைத்திருந்தமைக்காகவோ நீதிமன்றின் முன் நிறுத்தப்படுவோர் பலர் இத்தகையதொரு விசாரணைக்கு உட்படுத்தப்படுகின்றனர். மது, போதைப்பொருள் மதிப்பீடு என்பது அதன் பெயர். பயிற்சி பெற்ற ஒருவர் அவர்களோடு உரையாடி, வினாக்கொத்துக்களுக்கு விடை பெற்று, சிகிச்சை தேவையா, தேவையெனின் எத்தகையது என்று அறிக்கை அளிப்பார். சாரதி அனுமதிப்பத்திரம் மீளக் கிடைப்பதும், தண்டனையின் அளவும், சில வேளைகளிற் பிள்ளைகள் பெற்றோரிடம் இருப்பதுங்கூட அவ்வறிக்கையிலே தங்கியிருத்தல் உண்டு. ஆதலின் அதற்கு எவ்வாறு ஆயத்தமாவது என்ற வினா இயல்பாகவே எழுகின்றது. அதற்குரிய விடையை அம்மதிப்பீடு உருவாகி வந்த வரலாற்றிலே காணலாம்.

குடியை அளக்கும் முயற்சியின் தொடக்கத்திலே நிற்பவர் பிலடெல்பியா நகர வைத்தியரான பெஞ்சமின் ரஷ் ஆவார். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்திற் கையொப்பமிட்டவர்களுள் ஒருவரான இவர், 1784 ஆம் ஆண்டிலே கடும் மதுவகைகள் உடலுக்கும் உள்ளத்துக்கும் விளைக்கும் கேடுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்நூலின் பிந்திய பதிப்புக்களில் வெப்பமானியின் வடிவிலே ஓர் அளவுகோல் இடம்பெற்றது. அதன் உச்சியிலே நீரும் நலவாழ்வும் நின்றன. கீழே இறங்க இறங்கக் கடும் மதுவகைகளும், அவற்றுக்கு ஈடாகத் தீயொழுக்கம், நோய், தண்டனை என்பனவும் வரிசைப்படுத்தப்பட்டன. அடியிலே தூக்குமரம் இருந்தது. ஒழுக்கமும் மருத்துவமும் சட்டமும் ஒரே கோலிலே குறிக்கப்பட்டமை நோக்கற்பாலது. குடிப்பழக்கத்தை ஒரு நோயாகக் கருதத் துணிந்த ரஷ், அதே வேளை அதனை ஒரு பாவமாகவும் அளந்தார். இவ்விரட்டைப் பார்வை பின்வந்த இரு நூற்றாண்டுகளிலும் நீங்கவில்லை.

1840 ஆம் ஆண்டிலே பால்டிமோர் நகரில் ஆறு குடிகாரர் ஒன்றுகூடி வாஷிங்டனியர் இயக்கத்தைத் தொடங்கினர். வைத்தியரும் போதகரும் குடிகாரனைப் பற்றிப் பேசிய காலத்திலே, குடிகாரன் தன்னைப் பற்றித் தானே சபையிற் பேசும் வழக்கத்தை இவ்வியக்கம் பரப்பியது. சில ஆண்டுகளில் அது தளர்ந்ததெனினும், தன் வாக்கினாலே தன் நிலையை வெளிப்படுத்தும் முறை அழியவில்லை. 1935 இலே ஒஹையோ மாநிலத்தின் அக்றன் நகரில் அநாமதேயக் குடிகாரர் சங்கம் தோன்றியபோது அம்முறை புத்துயிர் பெற்றது.

இவ்விரு இயக்கங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் அரசு வேறொரு வழியை நாடியது. 1914 இன் ஹரிசன் சட்டம் அபின், கொக்கெயின் என்பவற்றின் விநியோகத்தைக் கட்டுப்படுத்தியது. 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நாடு முழுவதும் நடைமுறையிலிருந்தது. பொருளையே தடைசெய்துவிட்டால் மனிதனை ஆராயவேண்டிய அவசியம் இல்லை என்ற எண்ணம் அக்காலத்தில் மேலோங்கியிருந்தது எனலாம். மதுவிலக்கு நீங்கியபோதோ வீதிகளெங்கும் மோட்டார் வாகனங்கள் நிறைந்திருந்தன. குடித்த சாரதியை அடையாளங் காணும் தேவை உடனடியானதாயிற்று.

இத்தேவைக்கு இயந்திரம் விடையளித்தது. இந்தியானா பல்கலைக்கழகத்து உயிர் இரசாயனவியலாளர் றொல்லா ஹார்ஜர் அமைத்த கருவி 1938 இலே பொலிசாரின் பாவனைக்கு வந்தது. சாரதி ஒரு பலூனை ஊதுவார். அம்மூச்சு இரசாயனக் கரைசலினூடாகச் செலுத்தப்படும். கரைசலின் நிறமாற்றத்தைக் கொண்டு மதுவின் அளவு கணிக்கப்படும். 1939 இலே இந்தியானா மாநிலம் குருதியில் 0.15 வீத மதுச் செறிவைப் போதைக்குரிய அளவாகச் சட்டத்திற் குறித்தது. 1954 இலே றொபேர்ட் போர்க்கென்ஸ்ரைன் கையாள்வதற்கு இலகுவான மூச்சுமானியை உருவாக்கினார். பின்னர் அவ்வெல்லை படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2004 ஆம் ஆண்டளவில் எல்லா மாநிலங்களும் 0.08 வீதத்தை ஏற்றன. 2018 இன் இறுதியில் யூட்டா மாநிலம் அதனை 0.05 வீதமாக்கியது. எனினும் மூச்சுமானி அளப்பது ஒரு மணித்தியாலத்தை மட்டுமே. விருந்தொன்றில் முதன்முறை மிகையாகக் குடித்தவனும் பத்தாண்டுகளாக நாள்தோறும் குடிப்பவனும் அதன் முன் ஒரே இலக்கத்தைக் காட்டக்கூடும்.

பழக்கத்தை அளக்க முயன்றவர்களுள் எல்வின் ஜெலினெக் குறிப்பிடத்தக்கவர். அநாமதேயக் குடிகாரர் சங்கத்தின் சஞ்சிகை வாயிலாகப் பெறப்பட்ட வினாக்கொத்துக்களை ஆராய்ந்து, 1946 இலே குடிப்பழக்கத்தின் படிநிலைகளை அவர் வகுத்தார். அவ்வாய்வு 98 ஆண்களின் விடைகளையே அடிப்படையாகக் கொண்டது. பெண்களின் விடைகள் விலக்கப்பட்டிருந்தன. இத்துணைச் சிறிய அடித்தளத்தின் மீது பெருங் கோட்பாடொன்று எழுப்பப்பட்டமை பின்னர் கண்டனத்துக்குள்ளாயிற்று. ஆயினும் குடிப்பவனின் சொந்த வாக்குமூலம் ஆய்வுக்குரிய ஆதாரமாக ஏற்கப்பட்டமை ஒரு திருப்பமாகும்.

அடுத்த திருப்பம் நீதித்துறையில் நிகழ்ந்தது. போதைப்பொருளுக்கு அடிமையாயிருத்தலையே குற்றமாக்கிய கலிபோர்னியச் சட்டத்தை 1962 இலே அமெரிக்க உயர் நீதிமன்று செல்லாததாக்கியது. நோயுற்றிருக்கும் நிலைக்காக ஒருவரைத் தண்டித்தல் கொடுமையான தண்டனை என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆனால் 1968 இலே, பொது இடத்தில் மதுபோதையிற் காணப்பட்ட ஒருவருக்கு டெக்சாஸ் மாநிலத்தில் விதிக்கப்பட்ட தண்டனையை அதே மன்று ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையால் உறுதிசெய்தது. அடிமைப்பட்டிருத்தல் குற்றமன்று, அந்நிலையிற் செய்யும் செயல் குற்றமாகலாம். நிலையையும் செயலையும் இவ்வாறு பிரித்த பின், தம் முன் நிற்பவரின் நிலை எதுவென அறியவேண்டிய பொறுப்பு நீதிபதிகளுக்கு வந்து சேர்ந்தது. மதிப்பீடு நீதிமன்றோடு இணைவதற்கு இது வழிகோலிற்று.

இதன் பின் அளவைகள் பெருகின. 1971 இலே மிச்சிகன் பல்கலைக்கழகத்து மெல்வின் செல்சர் 25 வினாக்கள் கொண்ட கொத்தொன்றை வெளியிட்டார். வட கரோலினாவில் ஜோன் யூவிங் நான்கே வினாக்கள் கொண்ட கொத்தொன்றை வகுத்தார்: குடியைக் குறைக்க எண்ணியதுண்டா, பிறர் குறைகூறச் சினந்ததுண்டா, குற்றவுணர்வு கொண்டதுண்டா, காலையில் எழுந்ததும் குடித்ததுண்டா என்பன அவை. 1980 இலே தோமஸ் மக்லெலனும் அவர்தம் சகாக்களும் உடல்நலம், தொழில், மது, போதைப்பொருள், சட்டம், குடும்பம், உளநலம் ஆகிய துறைகளில் விசாரிக்கும் முறையை வகுத்தனர். உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் ஆராய்ந்து 1989 இலே வெளியிட்ட வினாக்கொத்து பத்து வினாக்களும் 40 புள்ளிகளும் கொண்டது. 2013 இலே அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 11 அறிகுறிகளை வரையறுத்து, அவற்றுள் இரண்டு மூன்று காணப்படின் இலேசானது, நான்கு ஐந்தாயின் நடுத்தரமானது, ஆறும் அதற்கு மேலுமாயின் கடுமையானது என வகுத்தது. இவை யாவற்றுக்கும் பொதுவான பண்பொன்று உண்டு: இவற்றுக்கு விடை தருபவர் மதிப்பிடப்படுபவரே. அளவுகோல் எத்துணை நுட்பமாயினும் அதன் மூலப்பொருள் அவரது வாக்கேயாகும்.

அவ்வாக்கு நம்பத்தக்கதா? வியற்நாம் யுத்த காலத்து நிகழ்ச்சியொன்று இதற்கு ஒளி தருகின்றது. படையினரிடையே ஹெரோயின் பரவியதை அறிந்த அமெரிக்க அரசு, 1971 இலே நாடு திரும்புவோர் அனைவரையும் சிறுநீர்ப் பரிசோதனைக்கு உட்படுத்தியது. அவ்வாண்டு செப்ரெம்பரில் திரும்பியோருள் ஏறத்தாழ 10 வீதத்தினரிடமே போதைப்பொருள் கண்டறியப்பட்டது. பரிசோதனை வரும் என்பதை அறிந்திருந்தமையால் முன்கூட்டியே நிறுத்தியவர் பலர். பின்னர் சமூகவியலாளர் லீ றொபின்ஸ் தலைமையிலான குழுவினர் அவ்வாறு திரும்பியவர்களை நேரிற் சந்தித்து, இரகசியம் காக்கப்படும் என்ற உறுதியோடு விசாரித்தனர். அப்போது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தாம் அங்கு அடிமைப்பட்டிருந்ததாகக் கூறினர். இயந்திரம் கண்டதைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்கினைப் பேச்சு வெளிக்கொணர்ந்தது. அவர்களுட் பெரும்பாலோர் நாடு திரும்பிய பின் மீண்டும் அடிமைப்படவில்லை என்பதையும் அவ்வாய்வே வெளிப்படுத்திற்று.

மார்க் சோபெல், லின்டா சோபெல் ஆகியோரின் ஆய்வுகளும் இதே திசையைக் காட்டின. மது அருந்தாத நிலையில், இரகசியம் பேணப்படும் என்ற நம்பிக்கையோடு விசாரிக்கப்படும்போது குடிப்பவரின் விடைகள் பொதுவாக நம்பத்தக்கவை என அவர்கள் கண்டனர். நாட்காட்டியை முன்வைத்து, விடுமுறை நாட்கள், பிறந்தநாட்கள் என்பவற்றின் துணையோடு நாள்வாரியாகக் குடியை நினைவுகூரச் செய்யும் முறையும் அவர்கள் வகுத்ததே. மறைத்தல் மட்டுமன்றி மறத்தலும் பிழையான விடைக்குக் காரணமாகும் என்பதை அம்முறை உணர்த்துகின்றது. 1970 ஆம், 1972 ஆம் ஆண்டுகளின் சமஷ்டிச் சட்டங்கள் சிகிச்சைப் பதிவேடுகளுக்கு விசேட பாதுகாப்பு அளித்தமைக்கும் இதுவே நியாயம். அச்சமின்றிப் பேசினாலன்றி எவரும் சிகிச்சைக்கு வரார் என்பதைச் சட்டமியற்றியோர் உணர்ந்திருந்தனர்.

எனினும் நீதிமன்று கோரும் மதிப்பீட்டில் அப்பாதுகாப்பு முழுமையானதன்று. அறிக்கை மன்றுக்குச் செல்வதற்கு இணங்கி அவர் கையொப்பமிடுவது வழக்கம். உண்மையைச் சொன்னால் நீண்ட சிகிச்சையும் செலவும் நேரலாம். மறைத்தால், பொலிஸ் அறிக்கையோடும் குருதிச் செறிவோடும் முரண்பட்டு அவரது சொல் மதிப்பிழக்கலாம். இங்கே ரஷ்ஷின் பழைய அளவுகோல் மீண்டும் தோன்றுகின்றது. நோயை அறியக் கேட்கும் வினா, தண்டனையை அளக்கும் கோலாகவும் அமைந்துவிடுகின்றது.

இவ்வரலாற்றினின்றும் ஆயத்தம் பற்றிய சில தெளிவுகள் பெறப்படும். விடைகளை மனனஞ் செய்து செல்வது பயனற்றது. ஒரே பொருளைப் பல துறைகளில் வினவும் முறைகள் முரண்பாட்டை வெளிக்காட்டிவிடும். வழக்குப் பத்திரங்களையும், சாரதிப் பதிவேட்டையும், வைத்தியர் விதித்த மருந்துகளின் விபரத்தையும் திரட்டிச் செல்லுதல் தகும். கடந்த மாதங்களை நாட்காட்டியின் துணையோடு முன்னரே நினைவுகூர்தல் நன்று. அறிக்கை யாரிடம் செல்லும், எதற்கு இணங்கிக் கையொப்பமிடப்படுகின்றது என்பவற்றைக் கேட்டறிவது அவரது உரிமை. ஐயமிருப்பின் சட்டத்தரணியை முன்னரே நாடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நெடுங்காலம் நாள்தோறும் மிகையாகக் குடித்தவர் பரிசோதனைக்கு அஞ்சித் திடீரென நிறுத்துதல் ஆபத்தானது. வலிப்பும் சித்தப்பிரமையும் உயிரிழப்புங்கூட நேரலாமாதலின் அவர் முதலில் நாடவேண்டியது வைத்தியரையே.

ஆயத்தம் மதிப்பிடப்படுபவருக்கு மட்டும் உரியதன்று. அச்சுறுத்தும் விசாரணை அச்சத்துக்கேற்ற விடையையே பெறும். இரு நூற்றாண்டுக் காலத்துக் கருவிகளுள் வெற்றி கண்டவை, மனிதன் தன்னைப் பற்றி உண்மை பேசுவதற்கு இடமளித்தவையே. அவ்விடத்தை உருவாக்கும் கடமை மதிப்பிடுவோருக்கும் அவர்களை நியமிக்கும் மன்றுகளுக்கும் உரியதாகும்.